பாட்டுப் பெட்டிக்கு ஜாதகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். ராயபுரத்தில் மடையர்களுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் மெனக்கெட்டுப் படித்து, வருஷக்கணக்கில் பழகி மடையனானவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எந்தப் பாட்டுப் பெட்டியை என் முன்னால் வைத்தாலும் அது பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடுவேன். நான் பிறந்த வருஷத்தைக் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காப்பி ஹோட்டலில் தட்டு சுற்றுகிற கிராமபோனைச் சொல்லவில்லை. அதற்கு முந்தியது. மெழுகு உருளையை மாட்டி, சாவி கொடுத்து, குழல் வழியாகக் கேட்கிற போனோகிராப். துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணுவது என் உத்தியோகம். சீமையிலிருந்து அந்தப் பெட்டிகள் வந்து இறங்கிய காலத்தில், சுங்கத்தார் பிரித்துப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று நானும் எட்டிப் பார்ப்பேன். பாதி வித்தை அப்படி வந்தது. மீதியை ஏமாந்து கற்றுக்கொண்டேன்.

மூட்டை எண்ணுகிறவனுக்கு எதற்கு இந்த வித்தை என்றால், என் வீட்டில் ஓர் உருளை இருந்தது. அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை.

கல்யாணமான புதிதில், திருவொற்றியூர்த் திருவிழாவில் ஒருவன் கூடாரம் போட்டு, வருகிறவர்களின் குரலை மெழுகில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நிறைமாதமாக இருந்த மனைவியைக் குழலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“இத்துகிட்ட இன்னாய்யா பேசறது? ஆளே இல்லாத எடத்துல பேசினா பைத்தியம்னுவாங்க” என்றாள். அதுவும் பதிந்துவிட்டது. பிறகு சிரித்தாள். கடைசியாக வயிற்றைத் தடவிக்கொண்டு, “சீக்கிரம் வா கண்ணு, உங்க நைனா தொல்ல தாங்கல” என்றாள். கூடாரக்காரன் ஒருமுறை போட்டுக் காட்டினான். தன் குரலைக் கேட்டு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மகள் பிறந்து தவழும் முன்பே மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவளுக்குப் பயம். எடுக்காமலே குறைந்தது.

சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேறொன்றும் இல்லாததால் அந்த உருளையை வைத்தேன். பழுப்பு நிறத்தில், மோர் டம்ளர் அளவு இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம், குங்குமம், கற்பூரம். மகளுக்கு விவரம் தெரிந்ததும் அந்த வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். தாயில்லாத மற்றப் பெண்கள் அம்மா படத்துக்குப் பொட்டு வைத்தார்கள், இவள் அம்மாவின் குரலுக்குப் பொட்டு வைத்து வளர்ந்தாள். மழையோ காய்ச்சலோ, ஒரு வெள்ளிக்கிழமை தப்பியதில்லை.

“அம்மா அதுல இன்னா சொல்லுது நைனா?” என்று கேட்பாள். நானும் குரலை மாற்றி, கழுத்தை ஒடித்துச் சொல்லிக் காட்டுவேன்.

“நீ சொல்லி கேட்டா அம்மாவுக்கு மீச கீறா மாதிரியே தோணுது” என்பாள்.

மகளுக்கு ரங்கூனில் அரிசி ஆலை வேலையில் இருந்த பையனைப் பேசி முடித்தோம். தை பிறந்ததும் கல்யாணம், பிறகு கப்பல். அவள் நகை கேட்கவில்லை, பட்டுக் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள். “கப்பல் ஏர்றதுக்குள்ள அம்மா கொரல ஒரு தபா கேக்கணும் நைனா.”

ஏதோ ஒரு பெட்டியில் போட்டுக் கேட்டுவிட முடியாது. பழைய உருளைகளில் குரல் பதிந்த பள்ளங்கள் அகலம். பிந்தி வந்தவற்றில் நெருக்கம். பிந்திய பெட்டியில் பழைய உருளையை மாட்டினால், பள்ளத்தில் ஓட வேண்டிய ஊசிக்கல் வரப்பைத் தாண்டிய மாடு மாதிரி மேலே கண்டபடி உழுதுவிடும். அப்புறம் அவளுக்கு இரண்டாம் சாவு. அதனால்தான் அத்தனை வருஷமும் எந்தப் பெட்டியிலும் அதை மாட்ட விடாமல் காத்தேன். எனக்கு வேண்டியது மூத்த பெட்டி, கலப்பில்லாத பெட்டி.

அதைக் கண்டுபிடிக்க நம்பரில் தொடங்க வேண்டும். முன்பக்கத்துப் பித்தளைத் தகட்டில் வெட்டியிருக்கும். நம்பர் சின்னதாக இருந்தால் பெட்டி மூத்தது. நம்பரை மட்டும் நம்பினால் தலையில் துண்டுதான், ஏனென்றால் தகட்டைக் கழற்றி வேறு பெட்டியில் அடிப்பது நம்மூரில் பெரிய காரியமல்ல. திருகாணியின் தலையைப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் மினுமினுப்பு இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறான். அதே தகட்டில் காப்புரிமை வருஷங்கள் வரிசையாக இருக்கும். ஆகக் கடைசி வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி பிறந்திருக்கவே முடியாது. குழல் நேராக இருந்தால் பழசு. ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருந்தால் பிந்தியது.

இதையெல்லாம் சோறு தின்னும்போது மகளிடம் ஒப்பிப்பேன். “இன்னிக்கு எந்தப் பொட்டிக்கு ஜாதகம் பாத்த?” என்று அவளே ஆரம்பித்து வைப்பாள். “நம்பரு இன்னா? திருகாணி பளபளன்னு கீதா? கடசி வருசம் இன்னா?” ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பெட்டி சாஸ்திரத்தில் என்னை விஞ்சிவிடுவாள் போலிருந்தது.

வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் விற்கிற பாய் ஒருவர் எனக்காகவே பெட்டிகளைத் தேடிக்கொண்டுவந்து வைப்பார். நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பேன்.

“மாமு, பொட்டி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? தல முடியிலேந்து கால் நகம் வரிக்கும் பாக்கற.”

“பொண்ணு பாக்கப் போன அன்னிக்கி நான் பஜ்ஜியத்தான் பாத்தேன் பாய்.”

முதலில் காட்டியது ஊமத்தம்பூக் குழல். அடுத்ததில் நம்பர் மூத்தது, உள்ளே எந்திரம் இளையது. தாத்தா தலையைப் பேரன் உடம்பில் ஒட்டவைத்த வேலை. “திருகாணி பல்ல காட்டுது பாய்” என்றேன். “உன் கண்ணுல மண்ண போட்டா, மண்ணுக்கும் நம்பரு கேப்ப” என்று அவர் பெட்டியை உள்ளே தள்ளினார்.

கப்பலுக்கு நாள் நெருங்கியபோது அவரே ஆள் அனுப்பினார். எண்ணூர்ப் பக்கம் ஒரு பங்களாவை ஒழித்தபோது கிடைத்ததாம். நேரான குழல். எழுத்து மங்கிய சின்ன நம்பர். திருகாணிகள் துருவோடு அசையாமல் இருந்தன. குப்புறப் படுத்தவன் எழுந்திருக்க மறந்துபோனேன்.

“இன்னா மாமு, அழுவறியா?”

“தூசி பாய்.”

கை ரிக்ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே மகள் குனிந்து தகட்டை விரலால் தடவிப் படித்தாள். நம்பரை இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னாள். “திருகாணி துரு புட்சி கீது. கடசி வருசம் நான் பொறக்கறதுக்கு ரொம்ப முன்ன. இதான் நைனா” என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, உருளையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னலோரம் வாங்கி, குங்குமத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

பொட்டுக்கு அடியில், பள்ளங்களுக்குள் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் வெள்ளைப் பூசணம் வளர்ந்திருந்தது. கற்பூரம் காட்டுகிற பக்கம் சூட்டில் இளகி, மறுபடி உறைந்து, பள்ளமே இல்லாமல் வழவழவென்று கிடந்தது. ஊரில் உள்ள பெட்டிகளின் திருகாணித் தலையையெல்லாம் பார்த்தவன், இதன் முன்னால் வெள்ளிக்கிழமை தோறும் நின்றிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மாட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் குழலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சாவி கொடுத்தேன். எண்ணெயில் மீன் போட்ட மாதிரி ஒரு சத்தம். அது கூடியது, குறைந்தது, நொண்டியது. பைத்தியம் என்றதும் இல்லை, சிரிப்பும் இல்லை. கண்ணு என்று கூப்பிட வேண்டிய இடத்தில் வழவழப்பின்மேல் ஊசிக்கல் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. உருளை முடிந்து, ஊசி விளிம்பில் இடித்து நின்றது.

அவள் குழலைப் பார்க்கவில்லை. தன் வலது கை மோதிர விரலைப் பார்த்தாள். பொட்டு வைக்கிற விரல். அதை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

எனக்கு வாய் ஒன்றுதான் கைமுதல். அதைத் திறந்தேன்.

“பாய் தலையில மொளகா அரச்சிட்டான் கண்ணு. இது பிந்தின பொட்டி. நம்பர நான் தப்பா படிச்சிட்டேன். கண்ணு தெரியாத கெழவன அனுப்பினா இப்டித்தான். உருளைக்கு ஒண்ணும் ஆவல, சரியான பொட்டி வரட்டும், அப்ப பாரு, உங்கம்மா…”

அவள் தகட்டின் பக்கம்கூடத் திரும்பவில்லை.

“நம்பரு சரியாத்தான் கீது நைனா.”