டிசம்பரில் ஓடிய கூலர்

டெல்லிக்கு மாற்றலாகி வந்த அன்று ராத்திரி கிட்வாய் நகர் வீட்டில் அவ்வளவு அமைதி. எனக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை.

கடற்படையில், டெஸ்ட்ராயர் என்ற போர்க்கப்பலில் சிக்னல் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். அங்கே தலைக்கு மேல் காற்று ஊதும் ப்ளோயர் ஓயாமல் இரையும். அது நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்; தூங்குகிற அத்தனை பேரும் எழுந்து ஓடுவோம். கரைக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதனால் டிசம்பர் குளிரிலும் கூலரில் தண்ணீர் ஊற்றாமல், அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சத்தத்துக்காக ஓடவிட்டேன்.

"பல்லு தந்தியடிக்குது, இவுகளுக்குக் கூலர் கேக்குதாம். ஒம் புருசன் என்ன பாகலா, கிறுக்கான்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேக்கா" என்பாள் மனைவி செல்வி. தூத்துக்குடிக்காரி. நான் அசந்ததும் கூலரை அணைத்துவிடுவாள். உடனே விழித்துக்கொள்வேன்.

எனக்குத் தலைமையகச் செய்தி அறையில் வேலை. கப்பல்களின் பெயர் பொறித்த பித்தளை வில்லைகள் சுவர்ப் பலகையில் தொங்கும். கடலுக்குப் போனால் ஒரு ஆணி, துறைமுகம் திரும்பினால் இன்னொரு ஆணி. எங்கள் கப்பலின் வில்லையை வேறு யாரையும் தொட விடமாட்டேன். புயலடித்த தீவுக்கு அந்தக் கப்பல் அரிசி கொண்டுபோனபோது, மூட்டை தூக்க நான் இல்லையே என்று ஏங்கினேன்.

மூன்றாவது குளிர்காலத்தில், அந்தக் கப்பலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சூரியன் மறையும் நேரம் கொடியைக் கடைசியாக இறக்குவார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் பம்பாய் கிளம்பினார்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நானும் லீவு கேட்டேன்.

அதிகாரி கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். "ஏனுங் சீஃப், ஏற்கெனவே ரெண்டு பேரு லீவு. நீங்களும் போயிட்டா மெசேஜ யாருங்க வாங்கறது?" என்றார்.

வாங்கியது நான்தான். கொடி இறக்கியாகிவிட்டது என்று ஒற்றை வரி. கிடைத்தது என்று பதில் அனுப்பினேன். பிறகு வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தேன். வேலை முடியும்வரை அந்த வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணியில் இருக்கும் பிள்ளைகளே, கப்பலை விட்டு இறங்கும்போது ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பாருங்கள். டிரங்குப் பெட்டியோடு ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நான் பார்க்கவில்லை. எப்படியும் திரும்ப ஏறுவோம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். சோறு போட்டாள். படுத்த பிறகு ரஜாய்ப் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து போய், அவளே கூலரைப் போட்டாள்.

"உறங்குங்க," என்றாள். "இன்னைக்கு அமத்த மாட்டேன்."