கழுத்தைப் பிடிக்கும் பூர்ணிமா

சூடான ஒத்தடப் பையின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, கட்டிலில் படுத்திருப்பவரிடம் பூர்ணிமா சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஒரு நிமிஷம் இருங்க. எங்கையி தவள மாதிரி சில்லுன்னு இருக்கும். இப்பிடியே தொட்டன்னா தலவலியோட உங்களுக்கு நெஞ்சுவலியும் வந்துடும்."

விருத்தாசலம் பாலக்கரையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய பிசியோதெரபி கிளினிக். ஒற்றைத் தலைவலிக்குக் கைகளாலேயே சிகிச்சை. வாசல் பலகையில் 'சிகிச்சை' என்ற கடைசி வரி மழையில் அழிந்துபோய், 'பூர்ணிமா, ஒற்றைத் தலைவலி' என்பதோடு நின்றுவிட்டது. "எங்கூட்டுக்காரரு அத மாத்தவே வேணாங்கறாரு. உண்மையத்தான எழுதியிருக்குதுன்றாரு" என்று வருகிறவர்களிடம் அவரே காட்டிச் சிரிப்பார்.

தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மண்டையும் கழுத்தும் சேரும் பள்ளத்தில் விரல் நுனிகளை வைத்துக் காத்திருப்பார். தசை தானாக இளகும்வரை விரல்கள் அசையாது. எண்ணெய் கிடையாது, சொடக்கு எடுப்பது கிடையாது. அதையெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முகம் தொங்கிவிடும். "சும்மா புடிச்சிக்கினு ஒக்காறதுக்குத்தான் நாலர வருசம் படிச்சன்" என்பார். "மாத்திரய நிறுத்திடாதீங்க. வலி வர்ற நாளு கொஞ்சம் கொறையும். அவ்ளோதான் என் வித்த."

எல்லாவற்றையும் கேலி செய்கிற அவர் ஒன்றை மட்டும் கிளினிக்குக்கு வருகிற யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரிக் காலத்திலிருந்தே அவருக்கும் ஒற்றைத் தலைவலி. சொன்னால் கிளினிக் என்ன ஆகும்? வழுக்கைத் தலையோடு கூந்தல் தைலம் விற்கிற ஆளாகத் தன்னை நினைத்துப் பார்த்து, தனக்குள் சிரித்துக்கொள்வார். யாராவது கேட்டால், "எனக்கா? எந்தலையில வலிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று தப்பித்துவிடுவார்.

போன மாதம் ஒரு பிற்பகலில் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர் அன்புக்கரசி. கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்; பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருந்து கழுத்து இறுகிப்போயிருந்தது. வெளியே பெஞ்சில் ஓய்வுபெற்ற வாத்தியார் சுப்புராயனும் இன்னும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

பூர்ணிமா குனிந்தபோது அன்புக்கரசியின் முகத்தில் பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் உடைந்த கண்ணாடிபோல ஏதோ மின்னியது. பல வருடப் பழக்கம், தலைவலி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. மேசை இழுப்பறையைத் திறந்து மாத்திரையை விழுங்கினார். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று கழுத்தைப் பிடித்தார். விரல்கள் பள்ளத்தை விட்டு நழுவின.

"டாக்டரம்மா, என்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல, தாடைய வுடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தார்.

அன்புக்கரசி எழுந்து வந்து முதுகைத் தடவிவிட்டார். பிறகு டியூப்லைட்டை அணைத்தார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கேட்க என்ன இருக்கிறது? அவர் பார்க்காத தலைவலியா?

"படுங்க."

"ஐயோ, நீங்க பேஷண்ட்டுங்க."

"நீங்களுந்தான். படுங்கன்றன்ல."

பூர்ணிமா படுத்தார். வண்ணம் காய்ந்து சொரசொரத்த விரல்கள் பிடரிப் பள்ளத்தைத் தேடிச் சரியாக வந்து நின்றன. பூர்ணிமாவின் விரல்கள் தன் மேல் பட்டபோதெல்லாம் அன்புக்கரசி கவனித்துவைத்திருக்கிறார். "தாடைய வுடுங்க. பல்ல ஒடைக்கற மாதிரி கடிச்சிக்கினு இருக்கீங்க." என் வசனத்தை எனக்கே சொல்கிறாளே என்று, அந்த வலியிலும் பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் நெற்றிப்பொட்டில் இடி இறங்கியது.

கதவு தட்டப்பட்டது. "எம் முறை வந்துட்டுதாம்மா?" சுப்புராயனின் வகுப்பறைக் குரல்.

சொல்லாதீங்க என்று பூர்ணிமா கையசைத்தார். அதற்குள் அன்புக்கரசி கத்தாமல், ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "டாக்டருக்கே ஒத்தத் தலவலி சார். சத்தம் போடாதீங்க."

அவ்வளவுதான், நாளைக்குப் பாலக்கரை முழுக்கச் சிரிக்கும் என்று பூர்ணிமா கண்ணை மூடிக்கொண்டார். படியிறங்கும் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சற்று நேரம் கழித்து, பெஞ்சு மெல்ல முனகியது. சுப்புராயன் திரும்ப உட்கார்ந்துவிட்டார். "அந்த ஃபேன் ரொம்ப சத்தம் போடுதே, அத நிறுத்துங்கப்பா" என்று அவர் யாரிடமோ தணிந்த குரலில் சொல்வது கேட்டது.

மாத்திரை இன்னும் வேலை செய்யவில்லை. வலி அப்படியேதான் இருந்தது.

"தலைய நீங்களே தூக்கிப் புடிச்சிக்கினு இருக்கீங்க" என்றார் அன்புக்கரசி. "எங்கிட்ட குடுங்க."

பூர்ணிமா ஒரு நீண்ட மூச்சை விட்டுவிட்டு, தன் தலையின் மொத்தப் பாரத்தையும் அந்தக் கைகளில் இறக்கி வைத்தார்.