உட்காரச் சொன்ன பதவி உயர்வு

யாரோ ஒருவருக்கு மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டார்களாம். வீட்டுக்கு வந்து ஒரு தும்மல் போட்டாராம், வளையம் தெறித்து ஆளே மயங்கி விழுந்துவிட்டாராம். அக்காவோடு வேலை செய்கிற பக்கத்துக் கவுன்ட்டர்காரியின் கணவருடைய சிநேகிதர் சொன்னது அக்கா காதுக்கு வந்து, கடல் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தது.

"தும்மலாமா கூடாதாடா?" என்றாள் அக்கா.

"அது என்ன குக்கர் விசிலா, தெறிக்கிறதுக்கு?"

சிரித்தாள். ஆனால் டாக்டரிடம் போவதை மறுபடி தள்ளிப்போட்டாள்.

அக்கா பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த உபத்திரவம். உட்கார்ந்தால் எரியும், கழிவறைக்குப் போனால் ரத்தம். அதனால் ஸ்டூலை மூலைக்குத் தள்ளிவிட்டு, வருஷக்கணக்காக நின்றுகொண்டேதான் டிக்கெட் கிழித்தாள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கொடிக்கம்பம். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. லாரி ஓட்டுகிற மனிதர், வாயில் எதுவும் தங்காது. என்னிடம் சொன்னதற்கு அவள் சொன்ன காரணம் இதுதான்:

"நீ தூரத்துல இருக்க. உன் மூஞ்சிய நான் பாக்க வேணாம்ல."

விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்க முடியாத இடத்தில் இருக்கிறவனும் நான்தான்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். நாள் முழுக்க நிற்கிற அக்காவைப் பார்த்து உருகிப்போனார். எல்லோரையும் கூப்பிட்டுக் கைதட்டவைத்து, உள்ளறையில் மேற்பார்வையாளர் வேலை கொடுத்தார். மெத்தை வைத்த சுழல் நாற்காலி. "இனிமே நீங்க நிக்கவே கூடாதும்மா. இது என் ஆர்டர்!"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். "நின்னதுக்குப் பரிசா உக்கார வெச்சுட்டாங்கடா" என்று போனில் சிரித்தவள், சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாராம்: "கத்தி இல்ல, மயக்க மருந்து இல்ல. ஊசி போட்டுச் சுருங்க வைக்கலாம், ஒளிக்கதிரால சூடு குடுக்கலாம். உங்களுக்கு வளையம்தான் சரி. வளையம் இறுக்கினா மூலத்துக்கு ரத்த ஓட்டம் நின்னு, ஒரு வாரம் பத்து நாள்ல காஞ்சு தானா விழுந்துடும். அப்ப கொஞ்சம் ரத்தம் வரும். நிக்காம வந்தா உடனே ஓடி வந்துடணும்." தும்மலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா கேட்டேவிட்டாள் போலிருக்கிறது.

வளையம் போட்ட மறுநாளே வேலைக்குப் போனாள். "கொஞ்சம் கனமா இருக்கு, அவ்வளவுதான். இதுக்கா இத்தனை வருஷம் செத்தேன்? யாரும் இல்லாதப்ப நாற்காலிய ஒரு சுத்து சுத்திப் பாத்தேன்டா!"

நான்தான் இரண்டு மொழியிலும் தேடித்தேடிப் படித்து, இரண்டு மொழியிலும் பயந்துகொண்டிருந்தேன். வளையம் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. நேற்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"முட்டிதான் இன்னும் விடல. மாத்திரை போட்டுத்தான் ஓட்டுறேன்."

"என்ன மாத்திரை?"

"வலி மாத்திரைதான். நின்னு நின்னு முட்டி போச்சே, கவுன்ட்டர்காரி குடுப்பா. ரொம்ப நாளா போடுறேன்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க. இதெல்லாம் ஒரு மாத்திரையாடா? இல்லன்னுட்டேன்."

அந்த மாதிரி வலி மாத்திரைகளில் சில ரத்தத்தைச் சட்டென்று உறையவிடாது என்று படித்திருந்தேன். "நிறுத்துக்கா. இப்பவே டாக்டருக்குப் போன் போடு" என்றேன். "சரி சரி, மேனேஜர் வர்றாரு" என்று வைத்துவிட்டாள்.

இன்று நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது அவளிடமிருந்து ஓர் அழைப்பு. எடுக்க முடியவில்லை. வேலை நேரத்தில் அக்கா ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. வெளியே வந்து திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பிறகு என் மேசையிலிருந்த போனில் பஸ் நிலையத்து நம்பரை அழுத்தினேன். கவுன்ட்டர்காரி எடுத்தாள்.

"மேடமா? பாத்ரூம் போனாங்க... ஆமா, ரொம்ப நேரமாச்சே. போனைக் கையோடதான் எடுத்துட்டுப் போனாங்க. யாரு, தம்பியா? என்ன விஷயம்?"

இத்தனை வருஷம் நின்றே காப்பாற்றிய விஷயம். சொல்லிவிட்டேன்.

"அக்காவுக்கு மூலம். வளையம் போட்டிருக்கு. அந்த வலி மாத்திரையால ரத்தம் நிக்காம போயிருக்கலாம். போய்க் கதவைத் தட்டுங்க, தயவுசெஞ்சு."

"அடக் கடவுளே, நான்ல மாத்திரை குடுத்தேன்... ஏய், யாராவது வாங்கடி!" போனை மேசைமேல் போட்ட சத்தம். ஓடுகிற செருப்புச் சத்தம்.

ஒரு காதில் அந்த அறையின் மின்விசிறி மட்டும் கேட்கிறது. வரிசையில் யாரோ சில்லறை கேட்டுக் கண்ணாடியைத் தட்டுகிறார். இன்னொரு காதில் என் செல்போன், அக்காவின் நம்பர். மணி அடித்து ஓய்கிறது. திரும்பவும் அழுத்துகிறேன். அடித்துக்கொண்டே இருக்கிறது.