கையுறைக்கு எட்டிய ஜிப்

தாராவியில் எங்கள் பட்டறை தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. நானும் என் கணவரும் நான்கு தையல்காரர்களும். பள்ளிப் பைகளும் மழைக்கோட்டுகளும் தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு மே மாதம் புது வேலை வந்தது. பனிமலையில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்குப் பஞ்சு வைத்த கோட்டு. செம்பூரில் ஒரு கம்பெனி துணியை வெட்டி அனுப்பும், நாங்கள் தைத்துக் கொடுக்க வேண்டும். தைத்ததை யாராவது போட்டுக் காட்டுங்கள் என்றால் ஆளுக்கு ஒரு மூலைக்குப் போய்விடுவார்கள். என் கணவர்தான் மாட்டிக்கொண்டு நிற்பார், வியர்வை சொட்டச் சொட்ட.

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். அப்போது லடாக்கில் பனிமலைக் காவலில் இருந்தான். வீடியோ காலில் வந்தபோது பெருமையாகக் கோட்டைத் தூக்கிக் காட்டினேன். அவன் ஜிப்பை மட்டும் கிட்டே காட்டச் சொன்னான்.

“எக்கா, கோட்டு நல்லாத்தான் இருக்கு. இந்தச் சின்ன ஜிப்பப் பிடிக்கணும்னா கையுறையக் கழத்தணும்லா. இங்க கைய வெளிய எடுத்தா வெரலு மரத்துப் போவுதுக்கா.”

அவன் கூட இருந்த ஒருவன் பல்லால் இழுக்கப் போய், உதடு இரும்பில் ஒட்டிக்கொண்டதாம். தம்பி சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பைக்குத் தைக்கும் நாடா மிச்சம் கிடந்தது. விரல் நீளத்துக்கு வெட்டி, ஜிப்பில் கோத்து, நுனியில் முடிச்சுப் போட்டேன். கையில் நான்கு ஜோடி சாக்ஸை மாட்டிக்கொண்டு இழுத்தேன். சர்ரென்று வந்தது. என் கணவர் என் கையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கம்பெனி சார்பில் சரக்குப் பார்க்க வருபவர் மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர், ஓய்வு பெற்ற பெரியவர். நாடாவைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

“சாம்பிள்ல இந்த வால் கிடையாதேம்மா. நான் எப்படிப் பாஸ் பண்றது?”

நான் வாதாடவில்லை. மீன் குடோனில் குளிர் அறையைப் பார்த்துக்கொள்பவர் என் கணவரின் சிநேகிதர். ஐந்து நிமிடம் அங்கே வந்து நின்று பாருங்கள் என்று பெரியவரைக் கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், வந்தார். கோட்டும் தடித்த கையுறையும் போட்டு, மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்றார். நாடா இல்லாத ஜிப்பைப் பிடிக்க ஆறேழு தடவை முயன்றார். கடைசியில் அவரே பல்லைக் கொண்டுபோனார். நான் பதறித் தடுத்தேன். நாடா வைத்த ஜிப் முதல் இழுப்பிலேயே ஏறியது.

வெளியே வந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியாமல் என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு டீக்கடை வரை நடந்தார். மே மாத வெயிலில் பஞ்சுக்கோட்டோடு டீ குடித்தவரைத் தெருவே நின்று பார்த்தது. அவர் கவலைப்படவில்லை.

“கம்பெனிக்கு எழுதி அனுப்பறேன். ஒத்துக்கலைன்னா நானே நேர்ல போய்ச் சொல்றேன்,” என்றார்.

சொன்னபடி செய்தார். இரண்டே வாரத்தில் எல்லாக் கோட்டுக்கும் நாடா வைக்க உத்தரவு வந்தது.

கோட்டுகள் மலையேறும் நேரத்தில் தம்பியை ராஜஸ்தானுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பாட்டில் தண்ணீர் டீ போடும் சூட்டில் இருக்கிறதாம். நனைத்தால் ஈரம் நிற்கும் தடித்த பருத்தித் துணியில் பாட்டிலுக்கு உறை தைத்து, ஒரு டஜன் அனுப்பினேன். இப்போதுதான் தண்ணீரைக் குடிக்க முடிகிறது, இன்னும் இருபது வேண்டும் என்றான். அவனுடையதை அவன் ஆபீசர் எடுத்துக்கொண்டாராம்.