தமிழா ஹிந்தியா என்று கேட்டார்கள்

லக்ஷ்மிபாய் நகரின் பழைய அரசுக் குடியிருப்பில், ஒரு தரைத்தள வீட்டில் அந்தக் குழந்தைகள் காப்பகம் இருந்தது. எல்லோரும் கிரெஷ் என்றுதான் சொல்வார்கள். அப்பா அம்மா இருவருமே அலுவலகம் போகும் வீடுகளின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகை தன் தில்லி அலுவலகத்தை மூடிய பிறகு, அங்கே கதை சொல்லப் போனேன். என்னைக் கூப்பிட்டதற்கு ஒரு குழந்தைதான் காரணம். அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

"மதராசி பச்சி ஹை, தீதி. ஹமாரீ பாத் நஹீ சமஜ்தீ" என்றார் ஆயா. அவர் உத்தராகண்ட் பக்கத்துக்காரர். குழந்தை மதராசி, நாம் பேசுவது அதற்குப் புரியவில்லை என்பது அவருடைய முடிவு. தமிழில் யாராவது பேசினால் சரியாகிவிடும் என்று நிர்வாகத்தில் நினைத்தார்கள்.

மாலையில் குழந்தையை அழைத்துப் போக வந்த தாய் வேறு காரணம் சொன்னார். திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு தில்லிக்கு வந்து ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தார்.

"வீட்ல நாங்க தமிழ்லதான்க்கா பேசுதோம். கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டேங்கா. நாள் பூரா இங்க ஹிந்தியிலயே கெடக்கால்லா, ஹிந்திக்காரியாயிட்டா."

ஸ்கூட்டரை அணைக்காமல் வாசலில் நின்ற கணவர் சிரித்தார். "எங்க குடும்பத்துலயே வாயத் தெறக்காத பொம்பள இவ ஒருத்திதான் மேடம். கண்ணு பட்டுரப் போவுது."

"ஒங்களுக்கு எல்லாமே கேலிதான்" என்றபடி தாய் பின்னால் ஏறிக்கொண்டார். குழந்தை முன்னால் நின்றுகொண்டது.

தில்லித் தமிழ் வீடுகளில் இது வழக்கமான பேச்சு. தாமதமாகப் பேசும் பிள்ளையைப் பற்றி யாரைக் கேட்டாலும், வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி, டிவியில் இங்கிலீஷ், குழந்தை குழம்பியிருக்கும், ஒருநாள் மூன்றையும் சேர்த்துப் பேசும் என்பார்கள். பல வீடுகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. நானும் சந்தேகிக்கவில்லை.

மற்றபடி அவள் கெட்டிக்காரி. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று மரத் துண்டுகளை அந்தந்தக் குழியில் பொருத்துவதில் அவளைவிட ஒரு வயது மூத்த பிள்ளைகள் அவளிடம் தோற்றார்கள். களிமண்ணில் சப்பாத்தி செய்து, அதைத் திருப்பிப் போடும் பாவனையும் செய்வாள். கைகழுவ வரிசை நிற்கும்போது நிற்பாள். பாட்டு நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கையை ஆட்டும்போது அவளும் ஆட்டுவாள். ஆனால் மற்றவர்கள் ஆட்டிய பிறகே அவள் கை எழும். நான் கதை சொல்லும்போது கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்ப்பாள். தமிழ் கேட்க ஆசைப்படுகிறாள் என்று தாயிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

பக்கத்தில் இருந்த வரிசை வீடுகளை அதற்குள் இடித்துவிட்டார்கள். அங்கே அடுக்குமாடிக் கட்டடம் வரவிருந்தது. அஸ்திவாரத் துளை போடும் இயந்திரம் முதல்முறையாக ஓடிய மதியம் நான் அங்கே இருந்தேன். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்குக் கீழேயே படுத்திருந்த அவள் மட்டும் விரலைச் சூப்பியபடி தூங்கினாள்.

"தேக்கோ தீதி, கித்னீ அச்சீ பச்சி" என்று அவளுடைய சமத்தை ஆயா மெச்சிக்கொண்டே அவள்மேல் போர்வையைச் சரி செய்தார். போர்வை காலில் பட்டதும் அவள் விழித்தாள். சுற்றிலும் அழுகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளும் வாயைக் கோணி அழத் தொடங்கினாள்.

நான் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தமிழில் கூப்பிட்டேன், ஹிந்தியில் கூப்பிட்டேன், கை தட்டினேன். அவள் அழுகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை தாயிடம், காதை ஒருமுறை பரிசோதித்துவிடலாம் என்றேன். அவர் முகம் மாறியது.

"காது கேக்குக்கா. குக்கர் விசில் அடிச்சா அடுப்பாங்கரையப் பாக்காளே."

"விசில் அடிச்ச ஒடனே நீங்க எழுந்திரிப்பீங்களா?"

"ஆமா."

"அவ விசிலுக்குப் பாக்கறாளா, நீங்க எழுந்திரிக்கறதுக்குப் பாக்கறாளா?"

அவர் குனிந்தார். குழந்தையின் செருப்பு வாரை மாட்டியவர், அதைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குத் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆயின. தூங்க வைத்துச் செய்கிற பரிசோதனை அது. நானும் கூடப் போயிருந்தேன். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பே சரியாக வளரவில்லை, அதனால் அறுவை சிகிச்சையிலும் பெரிய பலன் இருக்காது என்றார். இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

"பாஷைப் பிரச்சினைன்னு நெனைச்சோம் சார்" என்றார் தந்தை, ஹிந்தியில்தான். டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். அதற்குப் பிறகு தந்தை கேலி பேசி நான் கேட்டதில்லை.

இருந்தாலும் காது மெஷின் மாட்டினார்கள். அவள் அதைக் கழற்றி, மரத் துண்டுப் பலகையில் வட்டக் குழிக்குள் வைத்துப் பார்ப்பாள். அளவு சரியாக இருக்காது, எடுத்துக் களிமண்ணில் புதைப்பாள்.

முனிர்காவில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்மணியிடம் சேர்த்தார்கள். அவர் முதலில் கேட்ட கேள்வி, வீட்டில் தமிழா ஹிந்தியா என்பது. உதடு அசைவதைப் பார்த்துத்தான் கற்கப்போகிறாள், அதனால் ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும், கலக்கக் கூடாது. பயிற்சி ஹிந்தியில்தான் நடக்கும் என்பதால் வீட்டிலும் ஹிந்தி என்று முடிவானது. எந்த மொழியும் கேட்காத குழந்தைக்காக அந்த வீட்டில் ஒரு வாரம் இதை விவாதித்தார்கள். சைகை மொழி கற்றுத் தரும் பள்ளிகள் இருக்கின்றன என்று நான் சொன்னபோது தாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது மட்டும் வேண்டாம்க்கா. கையால பேசிப் பழகிட்டான்னா வாயால பேசவே மாட்டா."

பயிற்சிக்காக கிரெஷிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள். வட்டத்தில் அவள் உட்காரும் இடத்தில் அடுத்த நாளே வேறொரு பையன் உட்கார்ந்தான். ஆயா மட்டும் சில நாள் கேட்டார், மதராசி பச்சி பேச ஆரம்பித்துவிட்டாளா என்று.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. வெயில் விழுந்த பால்கனியில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தாய் ஒரு டம்ளர் தண்ணீரைத் தன் வாய்க்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பானீ. போலோ பேட்டா, பானீ." அவருடைய ஹிந்தியில் இன்னும் திருநெல்வேலி இருந்தது.

குழந்தை உதடுகளைச் சேர்த்து, பிரித்தாள். சத்தம் வரவில்லை. தாய் மறுபடி சொன்னார். குழந்தை மறுபடி உதடுகளைச் சேர்த்துப் பிரித்தாள். பிறகு டம்ளரைப் பிடுங்கிக் குடித்துவிட்டாள்.

தாய் அவளைத் திருப்பி உட்காரவைத்து, எண்ணெய் தடவித் தலை வார ஆரம்பித்தார். வாரிக்கொண்டே பேசினார். "ரெட்டச் சட போடட்டா, ஒத்தச் சட போதுமா? நேத்து பஸ்ஸுல ஒரு சின்னப் பாப்பா ஒன்ன மாரியே மூக்கு வச்சிருந்தா, தெரியுமா? எங்க ஆபீஸ் அத்த ஒனக்குப் பச்சக் கலர் ரிப்பன் வாங்கித் தந்திருக்காங்க. புடிச்சிருக்கா?" குழந்தை பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"தமிழ் பேசக் கூடாதுன்னு அந்த டீச்சர் சொல்லியிருக்காங்கக்கா" என்றார். "மொகத்தப் பாத்துதான பேசக் கூடாது."

ரிப்பனை முடிந்துவிட்டு, தோளைப் பிடித்துக் குழந்தையைத் தன் பக்கம் திருப்பினார். காலி டம்ளரை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பானீ" என்றார்.