டேங்குக்கு இரண்டாம் கோட்

முப்பத்தொரு வயதில் பொம்மை வாங்குகிறவனை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். சொந்தமாக ஒரு செண்ட் நிலம் கிடையாது. நைனா திருச்சானூர் லாட்ஜுகளுக்கும் திருப்பதி ஓட்டல்களுக்கும் பெயிண்ட் அடிக்கப் போவார். மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் என்றால் அவரைத்தான் ஏற்றுவார்கள், மற்றவர்களுக்குப் பயம். அந்தக் கூலியில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன், அவர்கள் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவன் எங்கேயாவது போய்க்கொண்டிருந்தான், நானும் போனேன்.

அங்கே போன இரண்டாம் வருடம், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரன் என்னை ஒரு விளையாட்டுக்குள் இழுத்துவிட்டான். சாப்பாட்டு மேசை அளவுப் பலகை. அதன்மேல், பல ஆயிரம் வருடம் கழித்து ஏதோ ஒரு கிரகத்தில் நடக்கிற சண்டை. சிப்பாய்கள் சுண்டுவிரலில் பாதி உயரம். டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், தாயக்கட்டை உருட்டிச் சுட வேண்டும். நான் ஒரு கனரக டேங்க் வாங்கினேன். இரட்டை பீரங்கி, பக்கவாட்டில் துப்பாக்கிகள், முன்னால் இடிபாட்டைத் தள்ளிக்கொண்டு போக ஒரு தகடு. எத்தனை குண்டு பட்டாலும் அசையாது, ஆனால் நகர்வதும் இல்லை என்றே சொல்ல வேண்டும். அது போய்ச் சேருவதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருக்கும். இத்தனை வீறாப்பும் உள்ளங்கையில் அடங்கிவிடும். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், ஒட்டிப் பெயிண்ட் அடிப்பது நம் பாடு.

அந்தக் குளிர்காலம் முழுக்க அதற்குப் பெயிண்ட் அடித்தேன். சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன். கை வேலையாக இருந்தால் மனசு மரத்துப்போய்க் கிடந்தது, அது போதுமாக இருந்தது.

ஞாயிறு காலையில் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். "துன்னியா?" "துன்னேன்." "எப்படா வர?" "பாக்கலாம்." அதோடு நைனாவுக்கும் எனக்கும் பேச்சு தீர்ந்துவிடும். ஒரு ஞாயிறு மட்டும் என்ன தோன்றியதோ, "இன்னாடா பண்ணிக்கினு கீற?" என்றார். பிரஷ் என் கையில் இருந்தது.

"டேங்குக்குப் பெயிண்ட் அடிச்சிக்கினு இருக்கேன் நைனா."

அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியைக் குறைக்கச் சொன்னார்.

"பிரைமர் வச்சியா?"

"வச்சேன்."

"எத்தினி கோட்?"

"ரெண்டு. இங்க வெயிலே இல்ல, காய மாட்டேங்குது."

"மொத கோட் காயாம ரெண்டாவது வைக்காத, உரிஞ்சிக்கும். மூஞ்சிக்குத் துணி கட்டிக்கோ. தனியாவா பண்ற?"

"தனியாத்தான்."

"ஜாக்ரதடா," என்றார்.

என்ன டேங்க் என்று அவர் கேட்கவில்லை. குடியிருக்கிற வீட்டின் தண்ணீர் டேங்க் என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் பொம்மை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பெயிண்ட் பேச்சுதான். என் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத மனுஷன், இன்று எவ்வளவு முடிந்தது, தின்னர் எவ்வளவு கலந்தாய், காற்று அடிக்கிறதா என்று விடாமல் கேட்டார். எப்போது வருகிறாய் என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒருமுறை பின்னால் ஒரே இரைச்சல். கேட்டதற்கு, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன் என்றார். நம்பினேன்.

சித்தப்பா போன் செய்தபோது டேங்கின் சக்கரப் பட்டைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். "நைனா நேத்தே பூட்டாருடா. எடுத்துட்டோம். காரியத்துக்கு வந்து சேரு." போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த நாலு கண்ணிக்கும் பெயிண்ட் அடித்து முடித்தேன். பிரஷ்ஷில் எடுத்த பெயிண்ட் காய்ந்துவிடும் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை. பிரஷ்ஷைக் கழுவிய பிறகுதான் டிக்கெட் பார்த்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோபம் வந்தது. அதுவாவது வந்ததே. "ஏம்மா, ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். அம்மா என்னை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மூணு மாசமா திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நடந்துக்கினு இருந்தோம். உனக்குச் சொல்றேன்னு எத்தினி வாட்டி போனை எடுத்தேன், உன் நைனா உட்லியே. கம்ப்யூட்டர் ஆளுங்களையெல்லாம் வேலைய உட்டு நிறுத்திட்டாங்கன்னு டிவில வந்துச்சி. பையனுக்கு உத்யோகம் பூடிச்சி, டேங்க் மேல ஏறிக் கூலிக்குப் பெயிண்ட் அடிச்சிக்கினு கீறான், நம்மகிட்ட மறைக்கிறான்னாரு. ஒரு நாள் நின்னாலும் வேற ஆள வச்சிடுவான், அந்த வேல எனக்குத் தெரியும், அவன வரவைக்காதன்னாரு. ஊர்ல யார்கிட்டயும் மூச்சு உடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

என் வேலை அப்படியே இருந்தது. எடுக்காத லீவு மட்டும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாளே ஏறியிருப்பேன். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என்ன டேங்க் என்று அம்மா கேட்பாள். கையை விரித்து அளவு காட்ட வேண்டும்.

நகக்கண்ணில் கறுப்புப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. அம்மா அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"ரொம்ப ஒசரமா?"

"நாப்பது அடி இருக்கும்மா," என்றேன்.

"இடுப்புல கயிறு கட்டிக்கினுதான ஏறுற?"

"கட்டிக்கினுதான்."

"அதக் கேக்கணும், அதக் கேக்கணும்னுதான் கடைசி வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரு," என்றாள்.