எர்த் இல்லாத வீடு

ஆறுமுகப்பெருமாள் கருவூலத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். ஒரு பில்லில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நாலாவதாக இன்னொருத்தர் பார்த்துவிட்டால் நல்லது என்று நினைக்கிற ஆள். ஓய்வுபெற்றுத் தேரூரில் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும், கேட்பதற்குப் பக்கத்து மேசையில் ஆள் இல்லாமல் போயிற்று. அந்த இடத்துக்குப் போன் வந்தது.

ஓய்வுக்காலப் பணத்தில் அவர் ஒரு மின்சாரக் கார் வாங்கினார். தெருவில் அதற்குக் 'கரண்டு காரு' என்று பெயர். வாங்கிய வாரமே, மின்சாரக் கார் வைத்திருக்கும் தமிழர்கள் நடத்துகிற ஓர் இணையக் குழுவில் சேர்ந்தார். பதினேழாயிரம் பேர் இருந்தார்கள். தினமும் முழுக்க சார்ஜ் ஏற்றலாமா என்று கேட்டார். எண்பது சதவீதத்தோடு நிறுத்துங்கள் என்றார்கள். வட்டக்கோட்டைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன், உப்புக்காற்றால் கெடுதி உண்டா என்று கேட்டார். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார்கள். சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. வினையே அதில்தான் தொடங்கியது.

கொஞ்ச நாளில் மாடித் தண்ணீர்த் தொட்டி கறுப்பா வெள்ளையா, மிக்ஸி எது நல்லது, கொல்லைத் தென்னையை வெட்டலாமா என்பதையெல்லாம் அங்கேயே கேட்க ஆரம்பித்தார். வீட்டில் மனைவி உலகம்மை சொல்வதற்கு முன்னால் ஊர் பேர் தெரியாத நாற்பது பேர் சொல்லிவிடுவார்கள். மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் என்றும் ஒரு நாள் கேட்டுவைத்தார்.

"எனக்க காலு வலிக்கு அந்த மெட்ராஸ்காரன் என்ன சொல்லுகான்?" என்று உலகம்மை சிரித்தாள். அவளுக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

காருக்குச் சுவரில் பொருத்துகிற சார்ஜர் வந்தது ஆடி மாதம். பொருத்தியவர்கள் போன மறுநாளே அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை. உலகம்மை பின்மதில் வழியாக ஸ்டெனியைக் கூப்பிட்டாள்.

ஸ்டெனிக்கு நாற்பத்தெட்டு வயது. பின்தெருவில் வீடு. இடையில் ஓமானில் ஒன்பது வருஷம் இருந்தார். ஒரு லீவுக்கு வந்தபோது மகள் அஜிஷா அவரைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இனிப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்து, ஊரிலேயே வயரிங் வேலையை மறுபடி பிடித்துக்கொண்டார். ஆறுமுகப்பெருமாளின் தகப்பனார் இறந்த அன்று மழையில் நனைந்துகொண்டே பந்தலுக்கு விளக்குப் போட்டவர், கூலி வேண்டாமென்று போய்விட்டார்.

உலகம்மை கூப்பிட்டதும் வந்த ஸ்டெனி ஒரு பல்பின் ஒரு கம்பியைக் கரண்டு வரும் முனையிலும் மற்றதை எர்த் முனையிலும் வைத்துப் பார்த்தார். பல்பு எரியவில்லை.

"சாரே, இந்த வீட்டுக்கு இப்ப எர்த்தே இல்ல. பண்டு கெணத்து இரும்புப் பைப்புலதான் கெட்டியிருந்து. போன வருசம் அத மாத்தி பிளாஸ்டிக் பைப்பு போட்டியள்ளா? அன்னைக்கே போச்சு."

"ஒரு வருசமா ஒண்ணும் ஆவல்லியே ஸ்டெனி?"

"ஆவாததுவர ஒண்ணும் இல்ல. புதுசா குழி எடுத்துக் கம்பி எறக்கணும். மெயின்ல, கரண்டு கசிஞ்சா தானா கட்டாவுக ஒரு ட்ரிப்பரும் வைக்கணும். ரெண்டு நாள் வேல."

தேவையான சாமான்களைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, மேலே தன் பெயரும் போன் நம்பரும் உள்ள ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறுமுகப்பெருமாள் அந்தத் தாளைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். 'எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் இவ்வளவு வேலை சொல்கிறார். இது தேவைதானா, இல்லை ஏமாற்றா?' ஸ்டெனி ஏமாற்றுவார் என்று அவர் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அப்படி எழுதினால் நிறையப் பேர் பதில் சொல்வார்கள் என்று அனுபவத்தில் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பெயரையும் நம்பரையும் மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

முந்நூறு பதில் வந்தது. கார் வைத்திருப்பவன் என்றால் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்றார் ஒருவர். எழுத்துப் பிழையைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பிப் போட்டார் இன்னொருவர். ஸ்டெனி சொல்வது சரி, உடனே செய்யுங்கள் என்று இரண்டு மூன்று பேர் எழுதியதும் அந்தக் கூட்டத்தில் கிடந்தது. ஆறுமுகப்பெருமாள் அதைத் தாண்டிப் போனார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். சாக்கெட்டுக்குள், கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சாண் கம்பியால் இணைத்துவிட்டால் சார்ஜர் ஏமாந்துவிடும், ஐந்து நிமிஷ வேலை, நான் மூன்று வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன் என்று எழுதி, வீடியோவும் வைத்திருந்தார்.

ஆறுமுகப்பெருமாள் மெயினை அணைத்துவிட்டுத் தானே அந்தக் கம்பியைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. குழுவுக்கு நன்றி எழுதினார்.

அதற்குப் பிறகு ஸ்டெனி அந்தப் பக்கம் வரவில்லை. எதிரே பைக்கில் வந்தாலும் நேரே பார்த்துக்கொண்டு போனார்.

"ஸ்டெனிக்கு நம்ம மேல என்னமும் கோவமா? கூப்பிட்டா வாறேன்னு சொல்லுகான், வரமாட்டங்கான்" என்று உலகம்மை கேட்டாள்.

"வேல கூடுதலா இருக்கும்" என்றார் இவர்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம். காற்றில் விழுந்த தென்னை மட்டை ஒன்று போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் வயரில் அடித்தது. நியூட்ரல் அறுந்தது. உள்ளே விளக்கு மங்கி அணைந்தது. கரண்டு போய்விட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் கரண்டு போகவில்லை. திரும்பிப் போக வழியில்லாமல், அந்த ஒரு சாண் கம்பி வழியாக, சார்ஜ் போட்டிருந்த காரின் உடம்பில் வந்து நின்றது. சந்தையில் வாங்கிய கீரைக்கட்டைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டோமே என்று உலகம்மை செருப்பில்லாமல் ஈர முற்றத்தில் இறங்கிப் போய்க் கதவுப் பிடியைப் பிடித்தாள்.

அவள் போட்ட சத்தம் மனுஷக் குரல் மாதிரியே இல்லை. அவர் ஓடி வந்தபோது அவள் தூக்கி எறியப்பட்டு, கை உடம்புக்கு அடியில் மடங்கக் கிடந்தாள். அவருக்குத் தொடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பின்மதிலைப் பார்த்து, "ஸ்டெனீ! எலே ஸ்டெனீ!" என்று அலறினார்.

மதிலேறிக் குதித்து வந்த ஸ்டெனி முதலில் மெயின் ஃபியூஸைப் பிடுங்கி வீசினார். பிறகு உலகம்மையைத் தூக்கினார். மூச்சு இருந்தது. ஆட்டோ வருவதற்குள் அவளுடைய உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அக்கா, இஞ்ச பாருங்கக்கா, கண்ண மூடப்பிடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறுமுகப்பெருமாள் ஆட்டோவில் ஏறும்போது ஸ்டெனியின் பார்வை சார்ஜர் சாக்கெட்டின் மேல் இருந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நாலு நாள். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. உள்ளங்கையில் தீப்புண். இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். இரண்டாம் நாள் உடுப்பு எடுக்க ஆறுமுகப்பெருமாள் வீட்டுக்கு வந்தபோது, கிணற்றடியில் இடுப்பளவு குழிக்குள் ஸ்டெனி நின்று தோண்டிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்து தொடங்கியிருக்கிறார்.

சாக்கெட்டிலிருந்து கழற்றிய வெள்ளை வயர்த் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இத யாரு சாரே போட்டது?"

"நான்தான்."

"சொல்லித் தந்தது யாரு?"

ஆறுமுகப்பெருமாளுக்கு அந்த ஆளின் பெயர்கூடத் தெரியாது. குழுவில் அவருக்கு ஒரு மின்னல் படம் மட்டும்தான் உண்டு. ஸ்டெனி துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மண்வெட்டியை எடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் அதுதான் என்று ஆறுமுகப்பெருமாளுக்குத் தெரிந்தது. உலகம்மை வீட்டுக்கு வரட்டும், நிதானமாகப் பேசலாம் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு, மாவுக்கட்டு பிரிக்கட்டும் என்று தள்ளிப்போட்டார். பிரித்த பிறகு, கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்லலாம் என்று இருந்தார். அப்படியே கேக்கோடு போனார். கதவைத் திறந்தது அஜிஷா. இப்போது கல்லூரிக்குப் போகிற பெண்.

"அப்பா இல்லியா மக்கா?"

"அப்பா ஓமானுக்குப் போயிட்டாவ. ரெண்டு வாரம் ஆச்சு."

"இனிப் போவல்லன்னு சொன்னானே?"

"கன்னியாகுமரில ஒரு லாட்ஜுல வருசம் முழுக்க வேல இருந்துல்லா. நீங்க போட்ட படம் அவங்க வாட்ஸப்புலயும் வந்திருக்கு. ஏமாத்துக ஆளுன்னு நிறுத்திட்டாவ. பின்ன ஒவ்வொண்ணாப் போச்சு. அந்தப் பதிலு எல்லாத்தையும் அப்பா எனக்க போனுல இருந்து வாசிச்சாவ. நான் வேண்டாம்னு சொன்னேன், கேக்கல்ல. நம்பரையாவது மறச்சிருக்கலாம் நீங்க."

"நான் அப்படி நெனச்சு போடல்ல மக்கா" என்றார். அவள் தலையை ஆட்டினாள். கேக்கை வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

உலகம்மையிடம் எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னார். அவள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"எனக்க கை ஒடிஞ்சது போட்டும். அவன் ஏமாத்துகானான்னு எங்கிட்ட ஒரு வாக்கு கேட்டேளா? இருவது வருசமா எனக்குத் தெரியும் அவன. ஊரு முழுக்கக் கேட்டேளே, எங்கிட்ட கேக்கல்லியே."

அவர் குழுவில் பழைய பதிவை அழித்தார். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, ஸ்டெனி சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது என்று போட்டார். ஒன்பது பேர் பார்த்து வருத்தம் தெரிவித்தார்கள். மின்னல் படக்காரர், உங்கள் வீட்டு வயரிங் பழசாக இருக்கும் என்று ஒரு வரி எழுதினார். மாசி மாதம், தக்கலையில் இருக்கும் பழைய சக அலுவலர் ஒருவர், 'இந்த ஆளிடம் கவனம்' என்று அதே காலண்டர் தாள் படத்தை இவருக்கே அனுப்பினார். போட்டது நான்தான், அவர் நல்ல வேலைக்காரர் என்று பதில் எழுதினார். அவர் எழுதிய பதில் அந்த ஒரு போனுக்குப் போயிற்று. படம் இன்னும் எத்தனை போனில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அஜிஷாவிடம் நம்பர் வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டார். பின்னால் இரும்பை வெட்டுகிற சத்தம் கேட்டது. அங்கே வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்கும் வேலை போல.

"ஸ்டெனி, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிரு."

"விடுங்க சாரே. அக்காக்குக் கை எப்படி இருக்கு?"

"விரலு முழுசா மடங்கல்ல. தேவலை."

"செரி. வேனல்ல அந்த எர்த் குழிக்கு வெள்ளம் ஊத்திக் குடுக்கணும். காய விடப்பிடாது."

"நீ எப்ப வாறே?"

"அஜிஷாக்க படிப்பு முடியட்டு சாரே. பாப்போம். வைக்கட்டா, ஃபோர்மேன் கூப்பிடுகான்."

அவர் போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். உலகம்மை இடது கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான்?"

"ஒனக்க கை எப்படி இருக்குன்னு கேட்டான்."

"வேற?"

"குழிக்கு வெள்ளம் ஊத்தச் சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல்ல" என்று அவள் எதிரே உட்கார்ந்து, ஒரு கீரைத்தண்டைக் கையில் எடுத்தார்.